கேர்ட்ரூட் எலியன்: எழுதிய கட்டுரைகளும் எட்டிய பயனும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த விஞ்ஞான விரிவுரையின் எழுத்துவடிவம்)



ஆய்வுலகில் ஒருவரை எடைபோட இன்று சில எண்கள் இருக்கின்றன. எத்தனை ஆய்வுக்கட்டுரைகள் எழுதினார், அவற்றை எத்தனைபேர் மேற்கோள் காட்டினர், எந்த ஆய்விதழில் வெளியிட்டார் என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழக நியமனம், பதவியுயர்வு, புலமைப்பரிசில், சில நாடுகளில் விசா கூட இந்த எண்களைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. நம்முள் பலர் இவ்வெண்களால் அளக்கப்படுபவர்கள். வேறு பலர் தெரிவுக் குழுக்களில் அமர்ந்து பிறரை அளப்பவர்கள். ஆகவே இந்த அளவுகோல் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டத் தவறுகிறது என்பதை ஒரு பெண் விஞ்ஞானியின் வாழ்க்கையை வைத்து இன்று பார்க்க விரும்புகிறோம். அவர் பெயர் கேர்ட்ரூட் எலியன். மருந்தியல் ஆய்வுக்காக 1988ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ், சேர் ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர்.

எலியன் 1918 ஜனவரி 23ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தந்தையார் பல்வைத்தியர். 1929இன் பங்குச்சந்தைச் சரிவு அக்குடும்பத்தின் சேமிப்பைக் கொண்டுபோய்விட்டது. கேர்ட்ரூட்டுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது அவருடைய பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் வேதனைப்பட்டு இறந்தார். அந்த நோய்க்கு மருந்து தேடவேண்டும் என்ற எண்ணமே அவரை இரசாயனவியலுக்கு இட்டுச்சென்றது.

கையில் காசில்லாத அந்தக் காலத்தில் அவரால் படிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், ஹன்ரர் கல்லூரி கட்டணம் அறவிடாத மகளிர் கல்லூரியாக இருந்ததுதான். நல்ல பெறுபேறு இருந்தாற் போதும், இடம் கிடைக்கும். 1937இல், பத்தொன்பது வயதில், அதிசிறப்புச் சித்தியுடன் பட்டம் பெற்றார். இலவசக் கல்வி என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1945இல் நடைமுறைக்கு வந்த கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தம் இல்லாதிருந்தால், இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்போம் என்பதை நாம் நன்கு அறிவோம்.

பட்டம் பெற்றபின் நடந்ததைக் கவனியுங்கள். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் யாவும் பயனற்றுப் போயின. ஒரு நேர்முகத் தேர்வில், தகுதி இருக்கிறது, ஆனால் ஆய்வுகூடத்தில் ஒரு பெண் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செயலாளர் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்து ஆறு வாரத்தில் விலகினார். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று மாதம் உயிர் இரசாயனவியல் கற்பித்தார். ஓர் இரசாயனவியலாளரிடம் முதலில் சம்பளமின்றியே வேலைசெய்து, பின்னர் வாரம் 20 டொலர் வரை பெற்றார். பகலில் பாடசாலை ஆசிரியையாக இருந்துகொண்டு, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு செய்து 1941இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், அவரை மணக்கவிருந்த இளைஞர் இதய வால்வில் ஏற்பட்ட பற்றீரியத் தொற்றினால் இறந்தார். பெனிசிலின் பாவனைக்கு வந்திராத காலம் அது. எலியன் பின்னர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குச் சென்றதால் ஆய்வுகூடங்களில் வெற்றிடம் உண்டானது. அப்போதும் அவருக்கு முதலில் கிடைத்தது ஒரு பலசரக்குக் கம்பனியில் தரம்பார்க்கும் வேலை. ஊறுகாயின் புளிப்பையும், மயோனைசுக்குப் போகும் முட்டை மஞ்சட்கருவின் நிறத்தையும் சோதித்துக்கொண்டிருந்தார். 1944இல்தான் பரோஸ் வெல்கம் என்ற மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், ஹிச்சிங்ஸின் உதவியாளராகச் சேர்ந்தார்.

1937 முதல் 1944 வரையான இந்த ஏழு ஆண்டுகளை இன்றைய தெரிவுக் குழு ஒன்று எவ்வாறு வாசிக்கும்? தொடர்ச்சியற்ற தொழில், ஒன்றோடொன்று பொருந்தாத வேலைகள், சொல்லத்தக்க வெளியீடு இல்லை. விண்ணப்பம் முதற் சுற்றிலேயே ஒதுக்கி வைக்கப்படும். அந்த வெற்றிடம் அவருடைய ஆற்றலின் குறைவால் வந்ததல்ல, மூடப்பட்ட கதவுகளால் வந்தது என்பதை எந்த எண்ணும் சொல்லப்போவதில்லை.

இனி அவருடைய ஆய்வுக்கு வருவோம். உயிர்க்கலம் பெருகும்போது அதன் நியூக்கிளிக் அமிலமும் புதிதாக உருவாக வேண்டும். அதற்குப் பியூரின் என்ற சேர்வைகள் தேவை. அவற்றை வீடு கட்டும் கல் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கல்லைப்போல் தோற்றமளித்து, சுவரில் வைத்ததும் வேலையை நிறுத்திவிடும் போலிக் கல் ஒன்றைச் செய்து கொடுத்தால், வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலமோ கிருமியோ தடைப்படும் என்பது ஹிச்சிங்ஸின் எடுகோள். டி.என்.ஏயின் இரட்டைச் சுருள் அமைப்பு தெரியவந்தது 1953இல். இவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த வழியில் இறங்கிவிட்டார்கள். பியூரின்களின் பொறுப்பு எலியனிடம் ஒப்படைக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பியூரின்களைச் செய்து, பாலில் வளரும் ஒருவகைப் பற்றீரியாவில் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றுள் ஒன்று, ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் கந்தகத்தை வைத்துச் செய்த 6-மேர்கப்டோபியூரின்.

அக்காலத்தில் கடுமையான குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களே உயிர்வாழ்ந்தார்கள். புதிய மருந்து கொடுத்ததும் பல குழந்தைகள் எழுந்து நடமாடினார்கள். 1953இல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. ஆனால் பெரும்பாலானவர்களில் நோய் திரும்பி வந்தது. தேறிய குழந்தை மீண்டும் சரிவதைக் கண்டு எலியன் மிகவும் மனமுடைந்தார். உடலில் அம்மருந்துக்கு என்ன நடக்கிறது, எங்கே சிதைகிறது, ஏன் பலன் குறைகிறது என்று ஆண்டுக்கணக்காகத் தேடினார். இன்று வசதிகள் உள்ள நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமடைகிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் அச்சிகிச்சையில் 6-மேர்கப்டோபியூரின் இப்போதும் ஓர் அங்கமாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஆய்வுக்கட்டுரைகளின் அருமையைச் சொல்லவேண்டும். கம்பனியில் பணியாற்றும் விஞ்ஞானிகள் தொழில் இரகசியம் கருதி எழுதாமல் விடுவது வழக்கம். எலியனின் ஆய்வுகூடத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபின் முடிவுகளை வெளியிட இடமளித்தார்கள். ஹிச்சிங்ஸ் தம் உதவியாளரின் உழைப்பைத் தமது பெயருக்குள் மறைக்காமல், எலியன் செய்தவற்றை எலியனே எழுதவிட்டார். 1951இல் உயிர் இரசாயனவியல் ஆய்விதழில் வந்த பியூரின் கட்டுரையில் முதற்பெயராக எலியனின் பெயர் இருக்கிறது. ஓய்வுபெறும்போது அவர் பங்கேற்ற கட்டுரைகள் இருநூறைத் தாண்டியிருந்தன. காப்புரிமைகள் 45.

எழுதியதால் என்ன பயன் விளைந்தது? பொஸ்ரன் நகரில் ரொபர்ட் சுவார்ட்ஸ், வில்லியம் டமஷெக் என்ற இரு வைத்தியர்கள் 6-மேர்கப்டோபியூரினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேற்றுப் புரதத்துக்கு எதிராக முயலின் உடல் காட்டவேண்டிய எதிர்ப்பு அடங்கிப்போயிருந்தது. 1959இல் அதை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் ரோய் கான் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் அதை வாசித்தார். சிறுநீரகத்தை மாற்றிவைத்தால் உடல் அதை நிராகரிப்பதுதானே பெரும் பிரச்சினை, இம்மருந்து அதைத் தடுக்குமா என்று நாய்களில் பரீட்சித்தார். பலன் தெரிந்தது. பின்னர் அவர் அமெரிக்கா சென்று எலியனையும் ஹிச்சிங்ஸையும் சந்தித்தபோது, எலியன் செய்து வைத்திருந்த இன்னொரு சேர்வையை அவரிடம் கொடுத்தார்கள். அதுதான் அசாதயோபிரின். மாற்றிவைத்த சிறுநீரகத்துடன் லொலிபொப் என்ற நாய் 230 நாள் உயிர்வாழ்ந்தது. 1962இல் பொஸ்ரனில் ஜோசப் மறேயின் குழு, உறவினர் அல்லாத இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை அசாதயோபிரினின் துணையுடன் ஒரு நோயாளிக்கு வெற்றிகரமாகப் பொருத்தியது.

புற்றுநோய்க்கென எழுதப்பட்ட கட்டுரை முயலிடம் சென்று, முயலிலிருந்து நாய்க்குச் சென்று, முடிவில் மனிதரின் சிறுநீரகத்தைக் காத்தது. இந்தச் சங்கிலியில் ஒருவர் தம் முடிவைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் அடுத்தவர் அதை எடுத்திருக்க முடியாது. புலமைத் தாக்கம் என்று பெரிய சொல்லாற் குறிப்பிடுவது இதைத்தான். முன்பின் அறியாத ஒருவர், வேறொரு நோக்கத்துடன், நாம் எழுதியதைக் கையிலெடுத்து மேலே நடக்கவேண்டும்.

6-மேர்கப்டோபியூரின் உடலில் சிதைவதைத் தடுக்கத் தேடியதே அலோபியூரினோல். அது உடலில் யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைப்பதைக் கண்டார்கள். இன்று யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கி வருந்துவோர் அதை உட்கொள்கிறார்கள். அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் 1970களில் அதே ஆய்வுகூடத்தில் பிறந்தது. அம்மருந்து வைரசின் நொதியத்தினாலேயே தூண்டப்பட்டு அந்த வைரசையே தாக்குகிறது என்பதை விளக்கிய 1977ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் முதற்பெயர் எலியனுடையது. அவர் 1983இல் ஓய்வுபெற்றார். அவரிடம் பயின்ற குழுவினர் எயிட்ஸ் நோய்க்கான முதல் மருந்தாகிய ஏ.இசட்.ரி.யை வெளிக்கொணர உதவினார்கள். 1987இல் அதற்கு அனுமதி கிடைத்தது.

இத்தனைக்கும் அவர் கலாநிதிப் பட்டம் பெறவில்லை. வேலைசெய்துகொண்டே பகுதிநேரமாகப் படித்தவரிடம், வேலையை விட்டு முழுநேரமாக வந்தால்தான் தொடரலாம் என்று கூறினார்கள். அவர் வேலையைத் தெரிந்துகொண்டார். பின்னாளில் பல பல்கலைக்கழகங்கள் தாமாகவே முன்வந்து கௌரவக் கலாநிதிப் பட்டங்களை வழங்கின.

இனி அந்த எண்களைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம். ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் முன்வைத்த எச்-சுட்டெண் பரவலாகப் பயன்படுகிறது. ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது சுட்டெண் 20. இதில் ஒரு நன்மை உண்டு. எவரும் வாசிக்காத கட்டுரைகளைக் குவிப்பதால் அது ஏறாது. ஆனால் இளையவருக்கும், இடைநடுவே குழந்தைக்காகவோ போரினாலோ இடம்பெயர்வினாலோ ஆய்வை நிறுத்தியவருக்கும் அது குறைவாகவே இருக்கும். ஒருவரது ஒரேயொரு கட்டுரை ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவரது சுட்டெண் ஒன்றுதான்.

தாக்கக் காரணி என்பது இன்னொன்று. அது ஆய்விதழுக்குரிய சராசரி. முந்திய இரண்டு ஆண்டுகளில் அவ்விதழில் வந்த கட்டுரைகள் அந்த ஆண்டில் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைச் சொல்கிறது. அதில் எழுதிய ஒருவரின் தனிக் கட்டுரையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வகுப்புச் சராசரியைக் கொண்டு ஒரு மாணவிக்குப் புள்ளி போடுவதை எந்த ஆசிரியை ஏற்பார்? 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் பதிப்பாசிரியர்களும் ஆய்வாளரும் கூடி, ஆட்களை எடைபோட இதைப் பயன்படுத்தக்கூடாது என்று பிரகடனம் செய்ததும் இதனாற்றான்.

மருந்தியலில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் மூலக் கட்டுரையை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. அலோபியூரினோல் எழுதிக் கொடுக்கும் வைத்தியர் எலியனை நினைப்பதில்லை. கண்டறிந்தவரின் பெயர் உதிர்ந்து மருந்தின் பெயர் மட்டும் எஞ்சுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 6-மேர்கப்டோபியூரின், அசாதயோபிரின், அலோபியூரினோல், அசைக்ளோவிர் ஆகிய நான்கும் இருக்கின்றன. மேற்கோள் கணக்கில் ஏறாத தாக்கம் இது.

அத்தியாவசிய மருந்து என்றதும் எமது நாட்டின் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயை மறக்க முடியாது. வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் அவர் அளித்த அறிக்கை, தேவையான மருந்துகளை மட்டும், வர்த்தகப் பெயரிலன்றிப் பொதுப்பெயரில், நியாயமான விலைக்கு வாங்கவேண்டும் என்று வற்புறுத்தியது. அவ்வழியில் உருவானதே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். அவரே அதன் முதல் தலைவர். 1977இல் கயானாவில் காலமானார். அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கைக்கு எச்-சுட்டெண் கிடையாது. ஆயினும் மருந்துச் சிட்டையுடன் வரிசையில் நின்ற ஏழைக்கு அதன் பலன் கிடைத்தது.

சகோதரிகளே, எண்களே வேண்டாம் என்று நாம் கூறவரவில்லை. எண் இல்லாத இடத்தில் ஆள்பார்த்துக் கொடுப்பதும், குலம் கோத்திரம் பார்ப்பதும் வந்து புகுந்துவிடும். எலியனை ஒதுக்கியவர்கள் எந்த எண்ணையும் பார்த்து ஒதுக்கவில்லை, அவர் பெண் என்பதைப் பார்த்தே ஒதுக்கினார்கள். ஆகவே எண்ணை வைத்துக்கொள்வோம். அதை வாசிக்கும் முறையைத் திருத்துவோம்.

எனவே உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, தெரிவுக் குழுக்களில் அமரும் சகோதரிகளுக்கு. ஒரு விண்ணப்பத்தில் வெற்று ஆண்டுகளைக் கண்டால், அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கட்டுரைகளை எண்ணுவதோடு நிற்காமல், அவற்றுள் சிறந்த இரண்டையாவது எடுத்து வாசியுங்கள்.

இரண்டாவது, ஆய்வு நடத்தும் சகோதரிகளுக்கு. ஹிச்சிங்ஸ் செய்ததைச் செய்யுங்கள். உங்களிடம் பணிபுரியும் இளையவர் செய்த வேலைக்கு அவர் பெயரை முதலில் போடுங்கள். முடிவு கிடைத்தால் எழுதி வெளியிடுங்கள். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களிலிருந்து மாணவிகளைக் காப்பாற்றுங்கள்.

மூன்றாவது, எமது சங்கத்துக்கு. நூற்றாண்டு நிதியைக்கொண்டு அதிகூடிய புள்ளி பெறும் மாணவிக்குத் தங்கப்பதக்கம் வழங்கலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. பதக்கம் அழகானது. ஆனால் எலியனுக்கு 1937இல் தேவைப்பட்டது பதக்கமன்று. அதிசிறப்புச் சித்தி அவரிடம் இருந்தது. இருந்தும் ஏழு ஆண்டுகள் வெளியே நின்றார். பட்டம் பெற்றபின் ஓர் ஆய்வுகூடத்தில் கால்வைப்பதற்கு ஓராண்டுச் செலவுக்குரிய உதவித்தொகை, அதுவே அவருக்குக் கிடைக்காமற் போனது. அந்த ஓராண்டை எமது பிள்ளைகளில் ஒருத்திக்காவது ஆண்டுதோறும் நாம் கொடுக்கமுடியும். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் கிளைகள் பகிர்ந்துகொண்டால் அது பெரிய பாரமல்ல.

இம்மலருக்கு விபரம் கேட்டபோது சில சகோதரிகள் வெளியீடுகள் என்ற பகுதிக்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுள் கிராமத்து வைத்தியசாலையின் மருந்தாளர் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்த ஆசிரியை இருக்கிறார். தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர் இருக்கிறார். மருந்தின் அளவைப் பாட்டிமாருக்குப் பொறுமையாக விளங்கவைப்பவர் இல்லாமல் எந்த நோபல் மருந்தும் நோயைத் தீர்ப்பதில்லை. எலியனும் நோயாளிகளும் அவர்களது குடும்பத்தினரும் எழுதிய கடிதங்களைப் பேணி வைத்திருந்தார். விருதுகளைவிட, தமது மருந்தால் மனிதர்கள் எழுந்து நடந்ததே பெரிய பரிசு என்பது அவர் பலமுறை சொன்ன கருத்து.

அவர் 1999 பெப்ரவரி 21ஆம் திகதி காலமானார். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் கிடைத்த வேலையை நேர்த்தியாகச் செய்துகொண்டு மீண்டும் தட்டுங்கள். உள்ளே இருக்கும் நாங்கள் எழுந்துவந்து திறக்கக் கடமைப்பட்டவர்கள்.